சதுரமும் நாற்பத்தொன்றாவது செடியும்

தஞ்சாவூர் மாவட்டத்தில் சதுரம் சம்மணம் போட்டு உட்காராத ஒரு மீட்டர் நிலம் பாக்கி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பெரிய கோயிலுக்கு வெளியே உள்ள புல்தரை, பேருந்து நிலையத்துக் கழிவறையின் பின்பக்கம், கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை கொட்டுகிற இடம், எங்கள் ஊர் மாதா கோயில் ரோஜாப் பாத்தி என்று எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தது மட்டுமல்ல, அங்கே குடியிருந்தவர்கள் அத்தனை பேரையும் எண்ணி நோட்டில் எழுதியிருக்கிறாள். அவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவில் அந்தப் பெயரை வாசிக்கும்போது, இது யாருடா புதுசாக என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

நாங்கள் படித்தது பல்லுயிர்கள் பற்றிய முதுகலைப் படிப்பு. செடி, பாசி, காளான், புழு, பூச்சி, தவளை என்று எதைப் பார்த்தாலும் அது என்ன, எத்தனை, ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கிற படிப்பு. நான் அதில் சேர்ந்ததற்கு வேதியியலில் இடம் கிடைக்காததைத் தவிர வேறு காரணமில்லை. சதுரம் மட்டும் விண்ணப்பத்தில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் மூன்றிலும் இதையே எழுதியிருந்தாளாம்.

முதல் செய்முறை வகுப்பில் எங்கள் மேடம் ஆளுக்கொரு சட்டம் கொடுத்தார். நான்கு பிவிசி பைப், மூலைக்கு ஒன்றாக நான்கு எல்போ. சேர்த்தால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். திரும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, தோளுக்கு மேலே பின்பக்கமாக அதைத் தூக்கிப் போட வேண்டும். விழுந்த இடத்தில் உட்கார்ந்து, உள்ளே உயிரோடு இருக்கிற எல்லாவற்றையும் எழுத வேண்டும். நாமாக இடம் பார்த்து வைத்தால் பூ இருக்கிற பக்கமாகவே மனசு போகுமாம், அதனால்தான் கண்ணை மூடச் சொல்கிறார்கள்.

நான் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். "புல் நிறைய, எறும்பு நிறைய, வண்டு ஒன்று" என்று எழுதிவிட்டு, வண்டு செத்துப்போயிருந்ததால் அதை அடித்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன். வகுப்பே கேன்டீனில் இருந்தது, ஒருத்தி மட்டும் இல்லை. சாயங்காலம் வாட்ச்மேன் போய்த்தான் அவளை எழுப்பிக் கூட்டிவந்தார். அவள் பட்டியலில் முப்பத்துநான்கு இருந்தன. கடைசி வரி இப்படி இருந்தது: "பழுப்பு நிறம், ஆறு கால், பெயர் தெரியவில்லை, கிளம்பிவிட்டது." மேடம் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். அன்றிலிருந்து அவள் சதுரம்.

கல்லூரிச் சட்டத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் அவளே சொந்தமாக ஒன்று செய்துகொள்ள கீழவாசலுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். பைப் கடைக்காரர் அளவு கேட்டுவிட்டு அக்கறையாக விசாரித்தார்.

"எத்தனை குழாய் வைக்கப் போறீங்கம்மா?"

"குழாயெல்லாம் இல்லண்ணே. இதைத் தூக்கிப் போடப் போறேன்."

"எதுக்கும்மா தூக்கிப் போடணும்? நல்ல பைப்பும்மா இது."

விடுதியில் அவளை என் அறையில் போட்டார்கள், யார் செய்த பாவமோ. முதல் மாதமே குளியலறை எண் மூன்றின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "ஆய்வு நடைபெறுகிறது. ஒரு வாரத்துக்குத் தயவுசெய்து தரையைக் கழுவ வேண்டாம்." அறுபது பெண்களுக்கு நான்கு குளியலறை. ஒன்று போனால் காலையில் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. வார்டன் மேடம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னடி இது கூத்து? பினாயில் ஊத்தினா என்ன ஆகும்?"

"மேடம், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. இந்த மூலையில மட்டும் பதினாலு இருக்கு. ரெண்டு வகைப் பாசி, ஒரு நத்தை, அதோட முட்டை, அந்த மரக்கதவு அடியில குட்டியா ஒரு காளான். நேத்து இது இல்ல மேடம். ராத்திரியோட ராத்திரியா வந்திருக்கு."

வார்டன் குனிந்தார். சதுரம் லென்ஸைக் கையில் கொடுத்தாள். ஐந்து நிமிடம் கழித்து நிமிர்ந்த வார்டன் எங்களைத் திட்டவில்லை, லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் தன் குளியலறைக்குள் நுழையுமுன் விளக்கைப் போட்டு நாலு மூலையையும் பார்த்துவிட்டுத்தான் நுழைகிறார் என்று சமையல்கார அக்கா சொன்னார்.

இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். சதுரம் எடுத்துக்கொண்டது வரப்புகளை. திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வரை ஆற்றை ஒட்டிய வயல்வெளியில் அறுபது இடம். ஒவ்வொன்றிலும் முதல் தடவை சட்டத்தைப் போட்டு முளை அடித்துவிட்டு, மாதம் ஒரு முறை டவுன் பஸ் பிடித்துப் போய் அதே இடத்தில் எண்ணவேண்டும். நெல்லை எண்ண வேண்டாமா என்று கேட்டேன். நெல்லை எண்ணத்தான் ஊரே இருக்கிறதே, வரப்பில் இருப்பவர்களை யார் எண்ணுவார்கள் என்றாள். என் ஆய்வேடு கல்லூரி மரங்களைப் பற்றியது. மரங்கள் ஓடாது என்பதால் எடுத்தேன். அதனால் எனக்கு நேரம் நிறைய இருந்தது, அவளுக்குத் துணையாகக் கூடப் போனேன்.

கலியபெருமாள் எங்களுக்கு அறிமுகமானது அப்படித்தான். சதுரம் கண்ணை மூடிக்கொண்டு வீசிய சட்டம், வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவர் தலைவழியாக இறங்கி அவரைச் சுற்றி விழுந்தது.

"யாரு அது பைப்பால அடிக்கிறது?"

"ஐயா, அசையாதீங்க. நீங்க உள்ள இருக்கீங்க."

"எதுக்குள்ள?"

"சதுரத்துக்குள்ளங்கய்யா. ஒரு மணி நேரம், அவ்வளவுதான்."

அவர் என்ன நினைத்தாரோ, அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவள் அவர் முழங்காலைச் சுற்றி ஊர்ந்து ஊர்ந்து எழுதினாள். கோரை, அருகு, பொடுதலை, நண்டு வளை இரண்டு, வைக்கோல் துணுக்கில் ஊசிமுனை அளவு காளான் ஒன்பது. முடித்து எழுந்தபோது அவர் கேட்டார்.

"என்னையுமா எழுதுன?"

"உள்ள இருக்கிற எல்லாத்தையும் எழுதணுங்கய்யா."

"என்னன்னு எழுதுன?"

"ஹோமோ சேப்பியன்ஸ், ஒண்ணு."

"அது யாரோ எவரோ. எம்பேரு கலியபெருமாள். அதையே எழுதும்மா. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா?"

எழுதினாள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இன்றைக்கும் அது இருக்கிறது, மேடம் போட்ட சிவப்பு வட்டத்தோடு. அதற்கப்புறம் நாங்கள் போகிற நாளெல்லாம் கலியபெருமாள் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அந்த முளைக்குப் பக்கத்தில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருப்பார். நகரச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

இப்போது அவளுடைய பேன்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனின் பழைய காக்கி பேன்ட். கால் நீளமென்று கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்து அங்கங்கே ஒரு தையல் போட்டிருந்தாள். வயலுக்கு, காட்டுக்கு, மலைக்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். சோப்பு வாசத்துக்குப் பூச்சி ஓடிவிடும் என்று சும்மா தண்ணீரில் அலசிக் காயப்போடுவாள். ஒரே அறையில் இருந்த எனக்குத்தான் தெரியும் அதன் அருமை. டிசம்பரில் வகுப்போடு கொடைக்கானல் போனபோதும் அதே பேன்ட்டில்தான் சாலையோரப் புதரெல்லாம் புகுந்து வந்தாள்.

மார்ச் முதல் வாரம். வரப்பில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு செடி. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள்.

"இது பைடென்ஸ்டி. கொடைக்கானல்ல ரோட்டோரம் குப்பையா மண்டிக் கெடந்துதே, அதேதான். போன வருஷம் இந்த அறுபதுல ஒண்ணுலகூட இல்ல. இங்க எப்படி வந்துது?"

அந்த "எப்படி வந்துது" அவளை மூன்று நாள் தூங்கவிடவில்லை. தேடத் தேட வேறு சதுரங்களிலும் இருந்தது. பத்தொன்பது சதுரங்களில் மொத்தம் நாற்பத்தொரு செடி. வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஆற்றை ஒட்டியே வரிசையாக ஓடியது. நான்காம் நாள் காலை பல்லில் பிரஷ்ஷோடு கத்தினாள், "காவிரிடி! மலையில இருந்து விதைய ஆறு கொண்டுவந்திருக்கு!"

மேடம் அசந்துபோனார். குடகிலிருந்து மண் வரும், மணல் வரும், செடியும் வருமா? ஆய்வேட்டில் நான்காவது அத்தியாயம் முளைத்தது, "காவிரி கொண்டுவந்த செடி". மேடம் துறை முழுக்கச் சொன்னார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வரவிருந்த தேர்வாளருக்கும் போன் போட்டுச் சொன்னார். அவர், வெள்ளிக்கிழமை தேர்வு முடிந்ததும் என்னை அந்த வரப்புக்கே கூட்டிப்போங்கள் என்றுவிட்டார். நான்காம் அத்தியாயம் தேறினால் ஆராய்ச்சிப் படிப்புக்கான இடம் உனக்குத்தான் என்று மேடம் சதுரத்திடம் வாய்விட்டே சொன்னார். சதுரம் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று படுக்கையில் உட்கார்ந்து சொன்னாள், "ஆயுசுக்கும் இதே அறுபது இடம்டி. வருஷா வருஷம் என்ன போகுது, என்ன வருதுன்னு பாத்துக்கிட்டே இருக்கலாம்." கேட்க எனக்கே பொறாமையாக இருந்தது.

கலியபெருமாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆத்துல வந்துச்சுன்னா வாய்க்கால் ஓரமால்ல மொளைக்கணும்? இது நீங்க உக்கார்ற மேட்டுலயே மொளைக்குது" என்றார். சதுரம் வேறெதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது எனக்குத்தான்.

அந்தச் சனிக்கிழமை மாடிக் கொடியில் துணி எடுக்கும்போது அவள் பேன்ட் என் விரலைக் குத்தியது. மடிப்பை விரித்துப் பார்த்தேன். உள்ளே கறுப்புக் கறுப்பாக ஊசிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு கொக்கி. பைடென்ஸ் விதை. கொடைக்கானலில் ஏறியவை, சோப்பு காணாத அந்த மடிப்பில் சொகுசாக உட்கார்ந்து, டவுன் பஸ்ஸில் வந்து, அவள் சம்மணம் போடும்போதெல்லாம் ஒன்றிரண்டாக இறங்கியிருக்கின்றன. காவிரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஊசிகளில் கைக்கு வந்ததை ஒரு தாளில் மடித்து என் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டேன். மீதியை மடிப்பிலேயே விட்டேன். சொல்லாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு செடி ஆற்றில் வந்தால் என்ன, பேன்ட்டில் வந்தால் என்ன? இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. திங்கள்கிழமை காலை அவள் முடிவுரை எழுத உட்கார்ந்து, "காவிரியே" என்று தொடங்கினாள். எனக்குத் தாங்கவில்லை. டப்பாவைத் திறந்து அவள் நோட்டின் மேல் கொட்டினேன்.

அழுவாள் என்று நினைத்தேன். லென்ஸை எடுத்தாள். பிறகு பேன்ட்டைத் தரையில் விரித்து, அதைச் சுற்றிச் சட்டத்தை வைத்து, உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள்.

"எழுபத்திமூணு இன்னும் மிச்சம் இருக்குடி! மூணு மாசமா! அடியே, காவிரி இல்லடி, நான்தான்! நான்தான் கொண்டுவந்திருக்கேன்!"

முகமெல்லாம் சிரிப்பு. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு தேதி போட்டு எழுதினாள். எழுதி முடித்ததும்தான் அவளுக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. சதுரம் ஒன்றும் எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

மேடத்திடம் போய்ச் சொன்னோம். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் செடி அப்படியே இருக்கட்டும்மா. அவர் பாத்துட்டுப் போகட்டும். பேன்ட் கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"ரெண்டு செடியில காய் கறுத்துடுச்சு மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள கொட்ட ஆரம்பிச்சுடும். மலையில அது எப்படிக் கெடக்குன்னு பாத்தோமே. இது கலியபெருமாள் ஐயா வரப்பு மேடம்."

"உன் இஷ்டம்" என்றார் மேடம். எங்கள் துறையில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மூன்று நாள் வரப்பு வரப்பாக அலைந்து பிடுங்கினோம். ஒவ்வொரு செடியையும் வேரோடு எடுத்து, காய் உதிராமல் காகிதப் பையில் போட்டு, எண் எழுதிக் கட்டினாள். கலியபெருமாளும் மண்வெட்டியோடு வந்தார். "நாலு நான் பிடுங்கியிருக்கேன். அதையும் நோட்டுல ஏத்திக்க" என்று நின்று எழுதவைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை சாயங்காலம் நாற்பது முடிந்தது. நாற்பத்தொன்றாவது, திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டிய வரப்பில் இருந்தது. கடைசி பஸ்ஸை விட்டால் வார்டன் கதவைச் சாத்திவிடுவார்.

"நீ எப்படியும் வீட்டுக்குப் போயிட்டு நாளைக்குக் காலையிலதானே வர்ற? நீயே பிடுங்கிடுடி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். காலையில் கல்லூரி வாசலில் கேட்ட முதல் கேள்வி, "பிடுங்கிட்டியா?"

"பிடுங்கிட்டேன்" என்றேன். "41/41" என்று எழுதிக்கொண்டாள்.

தேர்வாளர் ஆறடி உயரம், இஸ்திரி கலையாத சட்டை, சிரித்துப் பழக்கமில்லாத முகம். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் அத்தியாயத்துக்கு வந்ததும் "சரி, செடி எங்கே?" என்றார். சதுரம் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பேன்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுதான் சார் அது வந்த வழி. செடிய எல்லாம் பிடுங்கிட்டேன். நான் எழுதினது தப்பு சார். சரியானதை அடுத்த பக்கத்துல எழுதியிருக்கேன்."

தேர்வாளர் மடிப்பை விரித்துப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து தன் பேன்ட்டின் கால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அதைப் பார்த்து மேடம் புடவைக் கொசுவத்தைப் பார்த்தார். ஆய்வகப் பொறுப்பாளர் காலுறையைப் பார்த்தார். வாசலில் நின்ற நானே துப்பட்டாவை உதறிக்கொண்டேன். தேர்வாளரின் துணியில் ஒரு நாயுருவி விதை கிடைத்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்து, "இது எந்த ஊர் விதையோ" என்றார். சதுரம் உடனே லென்ஸை நீட்டினாள். அதற்கப்புறம் அரை மணி நேரம் அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று வேறு யாருக்கும் விளங்கவில்லை.

முதல் வகுப்பில் தேறினாள். ஆனால் நான்காம் அத்தியாயம் போயிற்று, அதோடு அந்த இடமும் போயிற்று. மேடம் அதை வேறொருவருக்குக் கொடுத்தார். ஜூனில் ஆற்றில் தண்ணீர் வந்த வாரம் சதுரம் பைப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள். அந்தத் தேர்வாளர் சொல்லி, வடகிழக்கே ஏதோ ஒரு மலையில் வேலை கிடைத்தது. அங்கே மலைச்சரிவில் சட்டம் உருண்டு போய்விடுகிறதாம், பின்னாலேயே ஓடவேண்டியிருக்கிறதாம். சிக்னல் கிடைக்கும்போது கூப்பிட்டு, அன்றைக்குப் பார்த்த காளானைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு, நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க மறந்து வைத்துவிடுவாள். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறேன். என் பிள்ளைகளும் சட்டம் வீசுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கலியபெருமாளைப் பார்க்கும்போது, "அந்தப் பொண்ணு வரலியா? நான் நோட்டுல இருக்கேன்ல?" என்கிறார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் இந்த ஊரிலேயே இருந்திருப்பாள். அதை நினைக்காத வாரமில்லை.

அதனால் இப்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்றை நான் பிடுங்கினேன் என்பது உண்மை. ஆனால் பையில் போடவில்லை. எல்லாம் போய் இது ஒன்றுதான் பாக்கி என்று நினைத்ததும் கை வரவில்லை. மண்ணோடு எடுத்துவந்து ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் வைத்தேன். என் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இன்றும் இருக்கிறது. பூ வாடியதும் வெட்டிவிடுவேன். ஒரே ஒரு பூவை மட்டும் விட்டு, காகிதம் கட்டி, அதன் ஊசிகளைச் சிந்தாமல் எடுத்து, அடுத்த வருஷத்துக்கு இரண்டை அதே டப்பாவில் ஊன்றி மீதியை எரித்துவிடுவேன். டப்பாவைத் தாண்ட இதுவரை ஒன்றையும் விட்டதில்லை. "அதென்னடி, குப்பைச் செடிக்கு இவ்வளவு சீராட்டு?" என்று அம்மா கேட்காத நாளில்லை.

சதுரம் தன் வாழ்நாளில் எழுதிய எண்களில் தப்பானது அந்த "41/41" ஒன்றுதான், அது என்னால் வந்த தப்பு. இதைப் படித்துவிட்டு மலையிலிருந்து போன் போட்டுக் கத்தப் போகிறாள், உடனே பிடுங்குடி என்பாள். நான் பிடுங்குவதாக இல்லை. வேண்டுமானால் அந்தப் பேன்ட்டைச் சோப்புப் போட்டுத் துவைத்து மாட்டிக்கொண்டு, ரயிலேறி வந்து, அவளே பிடுங்கட்டும்.